பழைய யூஎஸ்பி கேம்பேட், விண்டோஸ் 11: ஒருவழியா ஓடிருச்சு

அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான். ரெண்டு பேர் சேந்து ஃபுட்பால் கேம் ஆடணும்னா இன்னொரு கண்ட்ரோலர் வேணும், புதுசு வெல கேட்டா தல சுத்துது, சரின்னு பரண்ல கெடந்த பழைய யூஎஸ்பி கேம்பேட எறக்குனேன். பிஎஸ்2 கண்ட்ரோலர் ஜாடையில இருக்கும், நடுவுல அனலாக்னு ஒரு பட்டன், அமுக்குனா செவப்பு லைட் எரியும், ஒரு காலத்துல எல்லா கம்ப்யூட்டர் கடையிலயும் தொங்குமே அந்த வகை தான். விண்டோஸ் எக்ஸ்பில நல்லா ஓடுனது.

லேப்டாப்ல சொருகுனா சத்தம் வருது, லைட் எரியுது, கேமுக்குள்ள போனா ஒண்ணும் அசையல. "மாமா, இது அவுட்டு"ன்னு பையன் சொல்லிட்டு மொபைல எடுத்துட்டான்.

விண்டோஸ் கீ கூட ஆர் அமுக்கி ஜாய் டாட் சிபிஎல்னு டைப் பண்ணேன். அந்தக் காலத்து குட்டி விண்டோ இன்னமும் அப்படியே தான் இருக்கு. ப்ராப்பர்ட்டீஸ்குள்ள போய் பட்டன அமுக்குனா நம்பர் எரியுது, ஸ்டிக்க ஆட்டுனா ப்ளஸ் குறி நகருது. அப்ப விண்டோஸுக்கு பேடு நல்லா தெரியுது, கேமுக்கு தான் தெரியல. யாரா இருந்தாலும் மொதல்ல இத பாத்துருங்க, இங்கயே ஒண்ணும் வரலைன்னா ஒயரயோ போர்ட்டயோ தான் சந்தேகப்படணும், சாஃப்ட்வேர நோண்டி பிரயோஜனம் இல்ல.

விஷயம் என்னன்னா இந்த மாதிரி பழைய பேடெல்லாம் கேம் கூட பேசுறது டைரக்ட்இன்புட்ங்கிற பழைய முறையில. என்கிட்ட இத்தன பட்டன் இருக்கு, இத்தன ஆக்ஸிஸ் (ஸ்டிக் நகர்ற திசை) இருக்குன்னு மட்டும் சொல்லும், எது பாஸ் எது ஷூட்னு நாம தான் கேமுக்குள்ள ஒக்காந்து செட் பண்ணணும். 2005ல எக்ஸ்பாக்ஸ் 360 வந்தப்ப மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட்னு ஒண்ண கொண்டு வந்தாங்க, அதுல எல்லா பேடுக்கும் ஒரே பட்டன் அமைப்பு, கேம் பண்றவங்களுக்கு வேல கம்மி, அதனால பின்னாடி வந்த நெறைய கேம் எக்ஸ்இன்புட்ட தவிர வேற எதையும் சட்ட பண்றதே இல்ல. ஒயர் வெச்ச 360 கண்ட்ரோலரும் பழைய சரக்கு தான், ஆனா இன்னிக்கும் சொருகுனா அப்படியே ஓடும். வயசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

ஆக பேடு பேசுறத எக்ஸ்இன்புட்டா மாத்திச் சொல்ல நடுவுல ஒரு துபாஷி வேணும். எக்ஸ்360சிஇன்னு ஒரு ஃப்ரீ டூல் இருக்கு, அதோட பழைய வெர்ஷன்ல கேம் ஃபோல்டர்ல அந்த மாத்துற வேலைய செய்யுற ஒரு டிஎல்எல் ஃபைல (கேம் கூடவே லோடாகுற ப்ரோக்ராம் துண்டு) போடணும், கேம் 64 பிட்னா அதுவும் 64 பிட்டா இருக்கணும், ஃபைல் பேரும் அந்த கேம் தேடுற பேராவே இருக்கணும், இல்லைன்னா கண்டுக்காது. புது வெர்ஷனுக்கு விஜெம்பஸ்னு, போலியா ஒரு பேட உருவாக்கிக் காட்டுற வர்ச்சுவல் டிரைவர் வேணும், அதை எழுதுனவர் அந்த ப்ராஜெக்ட்ட முடிச்சுக்கிட்டார். ஓடுறவங்களுக்கு இன்னும் ஓடுது, நான் அந்தப் பக்கம் போகல.

கேம் வாங்கி ஆடுற ஸ்டீம் ஆப் இருக்கே, அந்த வழி தான் சுலபமா இருந்துச்சு. செட்டிங்ஸ்ல கண்ட்ரோலர் போய், ஜெனரிக் கண்ட்ரோலருக்கு ஸ்டீம் இன்புட்ட ஆன் பண்ணிட்டு, அது கேக்குற வரிசையில ஒவ்வொரு பட்டனா அமுக்குனா போதும். வேற எங்கயாவது வாங்குன கேமா இருந்தா நான்ஸ்டீம் கேம்னு லைப்ரரில சேத்துட்டு அங்கருந்தே தெறக்கணும், நேரா டெஸ்க்டாப் ஐகான தட்டுனா வேலைக்கு ஆகாது. இதுல இன்னொரு கூத்து, மெனுல ஒரு தடவ கீழ அமுக்குனா ரெண்டு கட்டம் தாவுச்சு. நெஜ பேடும் ஸ்டீம் காட்டுற போலி பேடும் ரெண்டும் கேமுக்கு தெரியுது, அதான். ஹிட்ஹைட்னு ஒரு டூல போட்டு நெஜ பேட மறைச்சு, ஸ்டீமுக்கு மட்டும் அது தெரியுற மாதிரி வெச்சதும் சரியாச்சு.

வைப்ரேஷன் வரல. அதுக்கு கம்பெனி டிரைவர் வேணும், அப்ப பேடு கூட ஒரு குட்டி சிடி குடுத்தாங்க, அதெல்லாம் எக்ஸ்பிக்குன்னு எழுதுனது. மெமரி இன்டெக்ரிட்டிங்கிற விண்டோஸ் பாதுகாப்பு செட்டிங்க ஆஃப் பண்ணிட்டு பழைய டிரைவர ஏத்துன்னு யோசன சொல்வாங்க, கை கொஞ்சம் அதிர்றதுக்காக லேப்டாப் பாதுகாப்ப கழட்டி வெக்கணுமா என்ன? அப்புறம் இந்த பேடுல எல்2 ஆர்2 ரெண்டும் வெறும் பட்டன் தான், கார் கேம்ல பாதி ஆக்ஸிலரேட்டர்ங்கிற பேச்சே கெடையாது, ஒண்ணு முழுசு இல்ல சைபர். ஃபுட்பாலுக்கு அது பரவால்ல.

அனலாக் லைட் எரியுதான்னு மட்டும் பாத்துக்கோங்க. அது அணைஞ்சிருந்தா எடது ஸ்டிக் டி-பேடா மாறிரும், வலது ஸ்டிக் நாலு பட்டன் வேலைய செய்யும், செட் பண்ணதெல்லாம் கெட்டுப் போன மாதிரி இருக்கும், ஆனா கெட்டிருக்காது. ஆன்லைன்ல ஆடுற கேமுக்கு இந்த டிஎல்எல் வேலையெல்லாம் வேணாம், ஏமாத்துறவங்கள பிடிக்கிற ஆன்டி-சீட் இத திருட்டு வேலன்னு நெனச்சா அக்கவுண்ட் போயிரும். பிஎஸ்3 கண்ட்ரோலர் வெச்சிருக்கவங்க விண்டோஸ்னா டிஎஸ்ஹிட்மினி டிரைவர் தேடுங்க, லினக்ஸ்னா கெர்னல்லயே சப்போர்ட் இருக்கு, கேபிள சொருகி நடு பட்டன அமுக்குங்க.