"கர்த்தர் சொல்லுகிறார்" என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது?

தீர்க்கதரிசனம் இன்றைக்கும் உண்டா, அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுபோயிற்றா என்ற வாக்குவாதம் நம் சபைகளில் ஓய்வதே இல்லை. அதற்குள் இந்தப் பதிவு போகப்போவதில்லை. உண்டு என்று நம்புகிற சபைகளிலேயே யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. சொல்லப்பட்ட வார்த்தையை யார், எப்போது, எப்படிச் சோதிப்பது? (கத்தோலிக்க வாசகர்கள் தீர்க்கதரிசனம் என்று வரும் இடத்திலெல்லாம் இறைவாக்கு என்று படித்துக்கொள்ளலாம். விஷயம் ஒன்றுதான்.)

தெசலோனிக்கேயாவுக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம் கி.பி. 50, 51 வாக்கில் எழுதப்பட்டது. அதன் கடைசி அதிகாரத்தில் மூன்று கட்டளைகள் அடுத்தடுத்து வருகின்றன. ஆவியை அவித்துப்போடாதிருங்கள், தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள், எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டையும் மேடையில் எத்தனையோ தடவை கேட்டிருப்போம். மூன்றாவதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. சோதிக்கிறேன் என்று ஒரு விசுவாசி வாய் திறந்தால், "அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று 105ஆம் சங்கீதத்தை எடுத்து நீட்டுவார்கள். அந்தச் சங்கீதத்தின் 15ஆம் வசனத்துக்கு முன்னால் இருக்கிற ஆறேழு வசனங்களைப் படித்தாலே போதும். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோர் தேசம் தேசமாய்த் திரிந்தபோது அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்டதைத்தான் அது சொல்கிறது. ஊழியர் பேசியதை வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது என்று அதில் ஒரு எழுத்துகூட இல்லை. பவுல் பேசியதையே தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்த பெரோயா ஊராரை அப்போஸ்தலர் 17 "நற்குணசாலிகள்" என்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1 கொரிந்தியர் 12:10 வரங்களை அடுக்கும்போது தீர்க்கதரிசனத்தை அடுத்து உடனே ஆவிகளைப் பகுத்தறிதலை வைக்கிறது. பேசவைக்கிற அதே ஆவியானவர்தான் நிதானிக்கிற, அதாவது பேசியதைச் சோதித்துத் தீர்மானிக்கிற கிருபையையும் கொடுக்கிறார். ஆகையால் சோதிப்பவன் ஆவியானவருக்கு எதிரில் நிற்கிறவன் ஆகமாட்டான். அவனும் அவர் வேலையைத்தான் செய்கிறான். இதை ஒரு சபை ஏற்றுக்கொண்டுவிட்டால் மீதியெல்லாம் நடைமுறை.

அந்த நடைமுறை கொரிந்து சபைக்கு எழுதிய 14ஆம் அதிகாரத்தில் கிட்டத்தட்ட கூட்ட ஒழுங்குமுறை போலவே இருக்கிறது. அந்நியபாஷையில், அதாவது ஆவியின் ஏவுதலால் தாங்கள் கற்றிராத மொழியில் பேசுகிறவர்கள் ஒரு கூட்டத்தில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். அதுவும் ஒவ்வொருவராய். அர்த்தஞ்சொல்ல ஆள் இல்லையென்றால் சபையில் சத்தமாகப் பேசக் கூடாது. தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசிக்கொள்ளலாம். தீர்க்கதரிசிகளும் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் நிதானிக்க வேண்டும். உட்கார்ந்திருக்கிற இன்னொருவருக்கு ஏதாவது வெளிப்பட்டால், முதலில் பேசிக்கொண்டிருப்பவர் நிறுத்த வேண்டும்.

இந்தக் கடைசி விதியைச் சற்று நின்று பார்க்கலாம். பேசுகிறவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்தக்கூடியவர் என்று பவுல் எடுத்துக்கொள்கிறார். 32ஆம் வசனம் அதை வெளிப்படையாகவே சொல்கிறது: "தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறதே." அப்படியானால் "என்னால் அடக்க முடியவில்லை, ஆவியானவர் என்னை மேற்கொண்டுவிட்டார்" என்று ஒருவர் சொல்லும்போது, அங்கே நடப்பதற்கு அந்த அதிகாரம் ஆதரவு தரவில்லை. அழுகை இருக்கலாம், நடுக்கம் இருக்கலாம், அதெல்லாம் தப்பில்லை. ஆனால் கூட்டம் நடத்துகிறவர் கைகாட்டினால் உட்கார முடியாத ஒருவரிடம் மைக்கைக் கொடுக்கக் கூடாது. கீபோர்டு உச்சத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது வருகிற வார்த்தையை, இசையை நிறுத்திவிட்டு அமைதியில் திரும்பச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். பாதி வார்த்தைகள் காணாமல் போகும். போகாமல் நிற்பதைத்தான் நிதானிக்க வேண்டும்.

நிதானிப்பது என்றால் என்ன செய்வது? இங்கேதான் அகபு என்கிற தீர்க்கதரிசியின் கதை உதவும். அப்போஸ்தலர் 21. செசரியாவில் பிலிப்புவின் வீடு. யூதேயாவிலிருந்து வந்த அகபு, பவுலுடைய கச்சையை எடுத்துத் தன் கைகளையும் கால்களையும் கட்டிக்கொண்டு, இந்தக் கச்சையையுடையவனை எருசலேமிலுள்ள யூதர் இப்படிக் கட்டி, புறஜாதியார் கையில் ஒப்புக்கொடுப்பார்கள் என்று பரிசுத்த ஆவியானவர் சொல்வதாகச் சொல்கிறார். சொன்னது அவ்வளவுதான். "போகாதே" என்று அகபு சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான், லூக்காவும் சேர்த்து, அழுதுகொண்டே போகவேண்டாம் என்று வேண்டிக்கொண்டார்கள். சில நாட்களுக்கு முன் தீருவிலும் சீஷர்கள் ஆவியின் ஏவுதலினாலே பவுலைத் தடுத்திருந்தார்கள். பவுலோ, கட்டுகளும் உபத்திரவங்களும் காத்திருக்கின்றன என்று ஆவியானவர் பட்டணந்தோறும் தனக்குத் தெரிவிப்பதாக மிலேத்துவிலேயே சொல்லிவிட்டவர். அதே ஆவியிலே கட்டுண்டவராய்த்தான் எருசலேமுக்குப் போவதாகவும் சொல்லியிருந்தார். அவர் போனார். தடுத்தவர்களும் கடைசியில் "கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது" என்று அமர்ந்துவிட்டார்கள்.

ஒரு வார்த்தைக்குள் மூன்று அடுக்கு உண்டு. வெளிப்பட்டது என்ன, அதன் அர்த்தம் என்ன, அதற்காக நான் என்ன செய்ய வேண்டும். செசரியாவில் முதல் அடுக்கில் யாருக்கும் சந்தேகமில்லை. மூன்றாவதில்தான் நல்ல மனதுள்ளவர்களே தவறிப்போனார்கள். இன்றைக்கு நடக்கிற குழப்பத்தில் பெரும்பகுதியும் இதே இடத்தில்தான். "உன்னைச் சுற்றித் தண்ணீரைப் பார்க்கிறேன்" என்பது காட்சி. "வெளிநாட்டுப் பயணம்" என்பது பேசுகிறவர் கொடுக்கிற அர்த்தம். "இந்த வேலையை விட்டுவிடு" என்பது அவருடைய ஆலோசனை. மூன்றையும் ஒரே மூச்சில் "கர்த்தர் சொல்லுகிறார்" என்ற முத்திரையோடு சொல்லிவிட்டால், கேட்கிறவர் மூன்றுக்கும் ஒரே பாரம் கொடுத்துவிடுகிறார்.

அதனால் உங்களுக்கு ஒரு வார்த்தை வந்தால், அன்று ராத்திரியே எழுதிவையுங்கள். தேதி, இடம், சொன்னவர், சொன்ன வார்த்தைகள் அப்படியே. போனில் பதிவு இருந்தால் அதைக் கேட்டு எழுதுவது இன்னும் நல்லது. ஒரு வாரம் கழித்து எழுதினால் நீங்கள் எழுதுவது உங்கள் ஆசையை. எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள்: பார்த்தது, அர்த்தம், செய்யச் சொன்னது. பிறகு வேதம் ஏற்கனவே தெளிவாய்ச் சொன்ன எதற்காவது இது விரோதமா என்று பாருங்கள். விரோதமென்றால் அங்கேயே முடிந்தது, காத்திருக்கத் தேவையில்லை. சொன்ன அடையாளம் நடந்தாலும்கூட, வேறே தேவர்களிடம் இழுத்தால் செவிகொடுக்காதே என்கிறது உபாகமம் 13. விரோதமில்லை என்றால், அந்தக் கூட்டத்தில் இல்லாத, உங்களை நன்றாய்த் தெரிந்த இரண்டு மூன்று மூத்த விசுவாசிகளிடம் காட்டுங்கள். கூட்டத்தில் இருந்தவர்கள் அதே சூழலில் நனைந்தவர்கள். ஆகவே வெளியில் இருந்தவர்களின் கண் வேண்டும்.

இன்னொருவர் சொன்ன வார்த்தை, தேவன் உங்களுக்கே தெளிவாய்க் காட்டியதைத் தள்ளிவைக்க முடியாது. 1 இராஜாக்கள் 13இல் வருகிற தேவனுடைய மனுஷனுக்கு, போகிற இடமான பெத்தேலில் அப்பம் புசிக்காதே, தண்ணீர் குடிக்காதே என்று நேரடிக் கட்டளை இருந்தது. பெத்தேலில் குடியிருந்த கிழவனான தீர்க்கதரிசி ஒருவன் தேவதூதன் தன்னோடு பேசினான் என்று பொய் சொல்லி அவனைச் சாப்பிட வைத்தான். திரும்பும் வழியில் சிங்கம் அந்தத் தேவனுடைய மனுஷனைக் கொன்றுபோட்டது. பொய் சொன்னவனும் தீர்க்கதரிசிதான், வயதில் மூத்தவன்தான். நம் ஊரில் வயதுக்கும் பட்டத்துக்கும் கொடுக்கிற மரியாதையை நினைத்தால், இந்த அதிகாரத்தை அடிக்கடி வாசிப்பது நல்லது.

கல்யாணம், பணம், இடமாற்றம். இந்த மூன்றைப் பற்றியும் வருகிற வார்த்தைகளுக்கு இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். "இந்தப் பெண்ணைத்தான் கர்த்தர் உனக்குக் காட்டுகிறார்" என்று ஒரு பையனுக்குச் சொல்லப்பட்டால், அந்தப் பெண்ணுக்கும் மறுக்கிற உரிமை முழுதாய் இருக்கிறது. அவள் மறுத்தால் ஆவியானவரை எதிர்த்தவள் ஆகமாட்டாள். பண விஷயத்தில் ஆதிசபை நம்மைவிடக் கறாராக இருந்தது. டிடாக்கே என்கிற பழைய சபை ஒழுங்கு நூல் 1873இல் கான்ஸ்டான்டினோப்பிளில் கண்டெடுக்கப்பட்டு 1883இல் அச்சானது. ஊர் ஊராய் வரும் அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இன்னொரு நாள். மூன்று நாள் தங்கினால் கள்ளத்தீர்க்கதரிசி என்கிறது அது. புறப்படும்போது அடுத்த ஊர் சேரும்வரைக்குமான அப்பம் கொடுக்கலாம். பணம் கேட்டால் கள்ளத்தீர்க்கதரிசி. ஆவியில் இருப்பதாய்ச் சொல்லிக்கொண்டு எனக்குக் காசு கொடு என்கிறவனுக்குச் செவிகொடுக்காதே, இல்லாதவர்களுக்காகக் கேட்டால் அவனை நியாயந்தீர்க்காதே என்றும் சொல்கிறது.

அந்தக் கடைசி வரிக்கு உதாரணமும் அகபுதான். அப்போஸ்தலர் 11இல் பெரிய பஞ்சம் வரும் என்று அவர் அந்தியோகியாவில் சொன்னார். ரோமப் பேரரசன் கிலவுதியு ராயன் நாட்களில் அது வந்தது. எருசலேமில் பஞ்சத்தின்போது அதியாபேனே ராணி ஹெலேனா அலெக்சாந்திரியாவிலிருந்து தானியமும் சைப்ரஸிலிருந்து அத்திப்பழமும் வாங்கிக் கொடுத்ததை முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். அகபுவின் வார்த்தையைக் கேட்ட சீஷர்கள் அவனவன் திராணிக்குத் தக்கதாகப் பணம் சேர்த்தார்கள். அது யூதேயாவிலுள்ள சகோதரருக்கு, பர்னபா, சவுல் கையில் போயிற்று. அகபுவுக்குக் காணிக்கை எடுத்ததாக லூக்கா எழுதவில்லை.

"இங்கே ஒரு சகோதரிக்கு இடுப்பு வலி" வகை வார்த்தைகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. முந்நூறு பேர் கூடிய இடத்தில் இடுப்பு வலி இல்லாத சகோதரிகளைத்தான் தேட வேண்டியிருக்கும். அதைவிட மோசமானது, ஜெபவிண்ணப்பச் சீட்டிலோ வாட்ஸ்அப்பிலோ ஏற்கனவே தெரிந்துகொண்டதை மேடையில் வெளிப்பாடுபோலச் சொல்வது. ஊழியருக்குக் குடும்ப விவரம் தெரிந்திருந்தால், "உங்கள் நிலைமை எனக்குத் தெரியும், அதற்காக இந்த வசனத்தைச் சொல்கிறேன்" என்று சொன்னால் போதும். அந்த வசனத்தின் பலம் குறையாது.

நாள் குறிக்கிற தீர்க்கதரிசனம் தனி ரகம். 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் ஊழியத்தில் ஓர் எழுப்புதல் உண்டானது. அந்நியபாஷை, தீர்க்கதரிசனம், பாவ அறிக்கை எல்லாம் அதில் இருந்தன. பெந்தெகொஸ்தே இயக்கத்தை உலகெங்கும் பரப்பிய அமெரிக்காவின் அசூசா தெருக் கூட்டங்களுக்கு நாற்பத்தாறு வருடம் முந்தியது அது. எழுப்புதல் அலை திருவிதாங்கூருக்கும் போயிற்று. பிராமணக் குடும்பத்திலிருந்து வந்து ஆங்கிலிக்கன் போதகரான ஜஸ்டஸ் ஜோசப் 1875இல் பிரிந்துபோய், ஆறு வருடத்தில் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். அந்தக் கூட்டத்தாருக்கு ஆறு வருடக்காரர்கள் என்றே பெயர் விழுந்தது. 1881 வந்தது, போனது. எழுப்புதலில் உண்மை இருந்ததா என்று கேட்டால், என் கணிப்பில் இருந்தது. ஆனால் அனல் இருந்த அளவுக்கு நிதானிக்கிறவர்கள் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் நமக்குக் கிடையாது. நாழிகையும் நாளும் ஒருவனும் அறியான் என்று மத்தேயு 24:36 இருக்கும்போது, இந்த வார்த்தையைச் சோதிக்க ஆறு வருடம் காத்திருக்கவே வேண்டியதில்லை.

நிறைவேறாமல் போனால்? "நீ விசுவாசிக்கவில்லை" என்று கேட்டவர் தலையில் கட்டுவதுதான் வழக்கமாய் நடப்பது. உபாகமம் 18:22 பொறுப்பைச் சொன்னவன்மேல் வைக்கிறது: அவன் அதைத் துணிகரத்தினால் சொன்னான், அவனுக்கு நீ பயப்படவேண்டாம். அழியும் என்று யோனா சொல்லியும் மனந்திரும்பித் தப்பிய நினிவே நகரத்தைக் காட்டி "எல்லாத் தீர்க்கதரிசனமும் நிபந்தனைக்குட்பட்டது" என்பார்கள். மனந்திரும்பினால் தண்டனை விலகும் என்பது எரேமியா 18இல் இருக்கிற உண்மைதான். ஆனால் "மார்ச் மாதத்துக்குள் வேலை கிடைக்கும்" என்று சொன்னதற்கு அது பொருந்தாது. நிபந்தனை இருந்தால் சொல்லும்போதே சொல்லியிருக்க வேண்டும், ஏப்ரலில் கண்டுபிடிக்கக் கூடாது.

மூப்பர்கள் இதைக் கையாளும் விதத்தில் ஒரு ஒழுங்கு இருப்பது நல்லது. தனியாகச் சொன்ன வார்த்தை தவறினால் தனியாக, சொன்னவரையும் கேட்டவரையும் உட்காரவைத்துப் பேசலாம். சபை நடுவே மைக்கில் சொன்னது தவறினால் சபை நடுவே மைக்கில்தான் திருத்த வேண்டும். புதிதாய்ப் பேசுகிற வாலிபர் முதல் தடவை தவறினால் அவரை மேடையிலிருந்து துரத்தத் தேவையில்லை. "கர்த்தர் சொல்லுகிறார்" என்பதை விட்டுவிட்டு, "ஜெபத்தில் என் மனதில் இப்படிப் படுகிறது, நீங்கள் நிதானியுங்கள்" என்று சொல்லப் பழக்கலாம். திருத்தினால் கோபப்படுகிறவர் எத்தனை வருட ஊழியராக இருந்தாலும், மைக் அவர் கைக்கு வராமல் பார்த்துக்கொள்வது மூப்பர்களின் வேலை.