ஆறாம் வகுப்பு பேண்டில் எந்த வாத்தியம் எடுப்பது?

டெக்சாஸில் பெரும்பாலான பள்ளிகளில் பேண்ட், அதாவது ஊதும் வாத்தியங்களும் டிரம்ஸும் சேர்ந்த இசைக்குழு, ஆறாம் வகுப்பில்தான் ஆரம்பம். அதற்கு முன்பே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் வரச்சொல்லி, வாத்தியங்களை ஊதிப் பார்க்க வைப்பார்கள். அந்த வாரம் எங்கள் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சுதான். "ஃப்ளூட்னா பஸ்ல தூக்கிட்டுப் போக ஈசி", "எதுக்கு வாடகை கம்மி?" கேட்க வேண்டியவைதான். ஆனால் பிள்ளையின் உதடும் விரலும் காதும் என்ன சொல்கின்றன என்பதை முதலில் பாருங்கள் என்பேன்.

என் மகள் ஃப்ளூட் மேல் ஆசையோடு போனாள். ஆசிரியர் அதன் தலைப்பகுதியை மட்டும் கழற்றிக் கொடுத்தார். சோடா பாட்டில் வாயில் ஊதுவது போல, துளையின் எதிர்விளிம்பில் காற்று பட வேண்டும். அவளுக்கு மேலுதட்டின் நடுவே சதை சின்னதாகக் கீழிறங்கியிருக்கும். காற்று அங்கே இரண்டாகப் பிரிந்து வெறும் புஸ்ஸென்று போனது. கொஞ்சம் ஓரமாக வைத்து ஊதச் சொன்னார், ஏதோ வந்தது. அப்புறம் கிளாரினெட்டின் மவுத்பீஸை, அதாவது வாயில் வைத்து ஊதும் முனையை மட்டும், கொடுத்தார். கீழுதட்டைப் பல்லின் மேல் லேசாக மடித்து, கன்னம் உப்பாமல் ஊதினாள். ஆடாமல் அசையாமல் ஒரே ஸ்வரம்! அவளுக்கே நம்ப முடியவில்லை. துளைகளை விரல் நுனியால் முழுக்க மூட முடிகிறதா என்றும் பார்த்தார். இதில் இம்மியளவு திறந்திருந்தாலும் கீச்சிடும்.

விஷயத்தைக் கேட்டதும் திருச்சியில் இருக்கும் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக சங்கீதம் வாசித்த வாத்தியமாயிற்றே!

சாக்ஸபோனும் டிரம்ஸும் கேட்காத பிள்ளை இல்லை. எல்லோருக்கும் அதையே கொடுத்தால் பேண்ட் ஏது? ஹார்ன் என்ற சுருண்ட பித்தளைக் குழல் வாத்தியத்தைக் கொடுத்தால் "மிச்சமிருந்ததைத் தள்ளிவிட்டார்கள்" என்று வருத்தப்படும் பெற்றோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹார்னில் ஒரே விரல் பிடிப்பில் பல ஸ்வரங்கள் நெருக்கமாக வரும். எது வேண்டும் என்று காதுதான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். பாட்டு வகுப்புக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே பொருந்தும். ஹார்ன், டியூபா (பெரிய பித்தளை ஊது வாத்தியம்) மாதிரி விலை கூடியவற்றைப் பெரும்பாலும் பள்ளியே கொடுத்துவிடும் என்பது கூடுதல் வசதி.

சோதனைக்குப் போகும் முன் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியாக ஒலிக்கவிட்டுக் கேட்க வையுங்கள். எதை இன்னொரு தடவை போடச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். வாடகைக் கடைக்கு அதற்கப்புறம் போகலாம்.