மூன்றாவது சாவு

"அண்ணே, முதல் சாவுக்குக் காரணம் வேண்டாம்னீங்க. மூணாவதுக்கு மட்டும் ஏன் கேக்குறீங்க?" நாவலைச் செப்பனிட உட்கார்ந்தபோது அதை எழுதிய தம்பி கேட்டது இது. பதில் அன்றே சொல்லியாயிற்று. அது போதுமான பதில்தானா என்பதுதான் இன்னும் தீரவில்லை.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் குடும்பம். ஆண்கள் ஐம்பதைத் தாண்ட மாட்டார்கள் என்று ஒரு சாபம். தாத்தா 1952 புயலில் சுவர் விழுந்து போகிறார். மகனைத் தை அறுப்பில் கண்ணாடி விரியன் தீண்டுகிறது. பேரன் சாபத்தை நம்பாதவன், சர்க்கரைக்கு ஒழுங்காக மாத்திரை போடுகிறவன். நடவு வயலில் அவன்மேல் இடி விழுகிறது. அந்த இடியை எடுக்கச் சொன்னேன்.

நம்பிக்கையே சாபத்தை நிறைவேற்றும் கதையைச் சோதிக்க ஒரு வழி உண்டு. சாபத்தைச் சொல்லும் வரிகளையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்க வேண்டும். அப்போதும் ஆள் அதே மாதிரி செத்தால் நம்பிக்கைக்கு அங்கே வேலையில்லை. விரியன் கடி இதில் தேறுகிறது. அந்த விஷம் ரத்தத்தை உறையவிடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆனால் பெரும்பாலும் மணிக்கணக்கில் அவகாசம் கொடுக்கும். ஆஸ்பத்திரியில் சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்தால் உறைகிறதா என்று தெரிந்துவிடும். விஷமுறிவு மருந்தும் உண்டு. மகன் போகவில்லை. "நாப்பத்தெட்டு ஆச்சு, வந்துடுச்சு" என்று திண்ணையில் படுத்துவிடுகிறான். அவகாசமுள்ள சாவில்தான் முடிவெடுக்க இடமிருக்கிறது. இடியில் அது கிடையாது.

முதல் சாவு தற்செயலாக இருக்கலாம், இருந்தாகவும் வேண்டும். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948இல், நம்புவதாலேயே பலித்துவிடும் கணிப்பை விளக்கியபோது தொடக்கத்தில் வைத்தது ஒரு பொய்யான கணிப்பை. அதை நம்பி நடப்பவர்களே அதை மெய்யாக்கிவிடுகிறார்கள். திவசத்தன்று பந்தியில் அத்தை சொல்லும் ஒற்றை வாக்கியம் போதும், அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர. நம்பிக்கை வேர்விட்ட பிறகு வரும் தற்செயல் வேறு. வாசகர் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்வார். சாபம் உண்மைதான் என்றாகிவிடும். இதைத்தான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

தம்பி விடவில்லை. "சிலப்பதிகாரத்துல நீலியோட சாபம் கோவலனுக்குத் தெரியுமாண்ணே?" தெரியாது. முற்பிறப்பில் கோவலனால் கணவனை இழந்த நீலி இட்ட சாபம் அது. மதுரை எரிந்தபோது அவ்வூர்க் காவல் தெய்வமான மதுராபதி கண்ணகியிடம்தான் அந்த முற்பிறப்புக் கதையைச் சொல்கிறது. புகாரில் பிறந்தவன், தான் அறியாத சாபத்தில் செத்தான். அது ஊழின் கதை, இது பயத்தின் கதை என்று பிரித்துக் காட்டினேன். அதற்கு அவர் சொன்னதுதான் உறுத்துகிறது: "ஊர்ல பயப்படாதவனும்தான் சாவுறான். அந்தச் சாவுதாண்ணே பயத்தைக் காப்பாத்துது."

அது ஊரின் உண்மை, நாவலின் உண்மை அல்ல என்று அப்போது தோன்றியது. இப்போது இரண்டையும் அவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடியவில்லை.

மாற்றி எழுதிய அத்தியாயத்தில் பேரன், எப்படியும் போகத்தானே போகிறோம் என்று மாத்திரையை நிறுத்துகிறான். காலில் புண். துணியைக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்குகிறான். காரணகாரியம் எங்கும் அறுபடவில்லை. நம்பாத பேரன் மட்டும் இப்போது நாவலில் இல்லை. அவனும் செத்திருக்காவிட்டால், படித்த மருமகள்கள்கூட அந்த வீட்டில் சாபத்துக்குப் பயந்து இருக்கும் விரதத்தை ஏன் விடவில்லை என்பது வாசகருக்குப் புரியுமா என்று தெரியவில்லை.