எழுத்துப் பிழை இருந்தா மட்டும்

"இது ஆற்ற கை, தம்பி?"

எங்கள் பத்திரிகையில் பிழை திருத்தும் அன்ரி புரூஃப் தாளை என் மேசையில் விரித்து, சினிமாப் பக்கத்தின் வலது மூலையில் இருந்த சின்னப் படத்தின் மேல் சிவப்புப் பேனையின் மூடியை வைத்துக் கேட்டார். ஒற்றைப் பத்தி அகலத்தில் ஒரு வயதான பெண்ணின் முகம். அந்தப் பெண்ணின் இடது தோளில் நான்கு விரல்கள் மட்டும் தெரிந்தன.

"ஆற்றயும் இல்ல அன்ரி. வெட்டேக்க மிஞ்சினது."

அவர் மூடியைத் தலைப்புக்கு நகர்த்தினார். "இந்த மனுசிக்குப் பேர் இல்லையோ?"

"உள்ள இருக்கு."

"உள்ள ஆர் வாசிக்கிறது?"

அதற்குத்தான் அந்தப் பதிலைச் சொன்னேன். கோபத்தில் சொல்லவில்லை. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "எழுத்துப் பிழை இருந்தா மட்டும் சொல்லுங்கோ, அன்ரி."

அவர் ஒன்றும் பேசவில்லை. தாளைத் திரும்பவும் பார்த்தார். "இது எழுத்துப் பிழையில்லத்தான்" என்றார். தாளை வைத்துவிட்டு அடுத்த பக்கத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று 2012 பெப்ரவரி 20, திங்கட்கிழமை, சிவராத்திரி. அலுவலகத்தில் பாதிப் பேர் லீவு. இருந்தவர்களும் நேரத்தோடு பக்கங்களை முடித்துக் கோயிலுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்கள். அன்ரியின் கதிரைக்குப் பக்கத்தில் கொழும்பு கொச்சிக்கடைச் சிவன் கோயிலுக்குக் கொண்டுபோக வில்வமும் பூவும் ஒரு பையில் இருந்தன. காலையில் சென்னையிலிருந்து செய்தி வந்திருந்தது. நடிகை எஸ்.என்.லட்சுமி காலமானார், வயது 85. நான் வைத்த தலைப்பு: "'மைக்கேல் மதன காமராஜன்' பாட்டி மறைந்தார்".

தலைப்புக்குள் பெயர் கொள்ளாது என்று பிறகு செய்தி ஆசிரியரிடம் சொன்னேன். அது உண்மையல்ல. எழுத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்திருந்தால் இரண்டு வரியில் பெயரும் வந்திருக்கும், படத்தின் பெயரும் வந்திருக்கும். நான் முயன்றுகூடப் பார்க்கவில்லை. சனத்துக்குப் பெயர் தெரியாது என்பதுதான் காரணம், அதை இப்போதும் பிழையான காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் படம் 1990 இல் வந்தது. எங்கள் வீட்டில் வீடியோ கசெற்றில் எத்தனை தடவை ஓடியிருக்கும் என்று கணக்கில்லை. கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்து ஒளித்துக்கொள்ளும் அந்தப் பாட்டி வரும்போது அம்மா சமையலறையிலிருந்து ஓடிவருவார். ஆனால் அந்தப் பாட்டியை நடித்தவருக்குப் பெயர் ஒன்று இருக்கும் என்று எங்களில் ஒருவரும் நினைத்ததில்லை. எங்கள் வீட்டில் பாட்டி என்று யாரும் இல்லை. அம்மம்மா இருந்தார், அப்பம்மா இருந்தார். பாட்டி என்றால் சினிமாவில் வருபவர். அந்தச் சொல்லே அவருடைய பெயர் மாதிரித்தான் எங்களிடம் புழங்கியது.

பக்கத்தில் போட்ட புகைப்படத்தின் கதையும் இதே கதைதான். எங்கள் படக் கோப்பில் தேடினேன். அவர் தனியாக நிற்கும் படம் ஒன்றும் இல்லை. கதாநாயகனுக்குச் சோறு பரிமாறும் படம், கதாநாயகியை அணைத்துக்கொண்டு அழும் படம், யாரோ ஒருவருக்குப் பின்னால் நிற்கும் படம் என்று இருந்தன. கடைசியில் ஒருவர் அவருடைய தோளில் கைபோட்டு நின்ற படத்தை எடுத்து மற்றவரை வெட்டினேன். விரல்களை வெட்ட முடியவில்லை. வெட்டினால் அவருடைய கழுத்தும் போய்விடும்.

அடுத்த நாள் காலை 101 ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தையில் ஏறிய ஒருவர் எங்கள் பத்திரிகையை விரித்தார். சினிமாப் பக்கத்தில் நின்று, பக்கத்தில் இருந்த மனைவியிடம், "அந்தக் களவெடுக்கிற பாட்டி செத்திட்டாவாம்" என்றார். அந்தப் பெண் பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "ஐயோ, பாவம். நேத்தும் நாடகத்தில பாத்தது போல கிடக்கு" என்றார். விஜய் தொலைக்காட்சியின் 'சரவணன் மீனாட்சி'யைச் சொல்கிறார் என்று விளங்கியது. அதிலும் அவர் பாட்டிதான். இருவரும் பம்பலப்பிட்டி வரும் வரை அவரைப் பற்றியே கதைத்தார்கள். உண்மையான துக்கம் அது. நான் பெயரைப் போட்டிருந்தால் அந்த மனிதர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போயிருப்பார். அன்று முழுவதும் இதை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒரு செய்தியின் வேலை போய்ச் சேருவது. போய்ச் சேர்ந்தது.

ஆனால் போய்ச் சேர்ந்தது எது? அந்தக் கணவனும் மனைவியும் கதைத்ததில் அவருடைய பெயர் ஒரு தடவையும் வரவில்லை. நான் கீழே எழுதியிருந்த ஆறு வரியை அவர்கள் வாசித்ததாகவும் தெரியவில்லை.

அந்த ஆறு வரியும் முதலில் ஆறு வரியாக இருக்கவில்லை. நான் இருபது வரிக்கு மேல் எழுதியிருந்தேன். கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்தது, கீழிருந்து வெட்டினேன். பத்திரிகை வேலையில் எல்லோரும் கீழிருந்துதான் வெட்டுவோம். அதனால் மேலே நின்றது கமல்ஹாசனுடன் நடித்த படங்களின் பெயர். 'மகாநதி', 'விருமாண்டி' எல்லாம் நின்றன. வெட்டுப்பட்டுப் போனது அவருடைய வாழ்க்கை. விருதுநகர்ப் பக்கம் சென்னல்குடி என்ற ஊரில் பிறந்தவர், சிறுமியாகவே வீட்டை விட்டு வந்து நாடகத்துக்குள் புகுந்தவர், என்.எஸ்.கிருஷ்ணனின் நாடகக் குழுவில் இருந்தவர், கலியாணம் கட்டாமலே இருந்தவர். 1964 இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷின் தாயாக நடித்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது ஆகியிருக்காது. நாகேஷுக்கு முப்பதைத் தாண்டியிருந்தது. சில வயதே இளைய ஒருவருக்குத் தாயாகி, அதன் பிறகு ஏறத்தாழ ஐம்பது வருடம் தாயாகவும் பாட்டியாகவுமே நின்றார்.

இதையெல்லாம் நான்தான் தேடி எழுதினேன், நானே வெட்டினேன். விளம்பரத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வருகிறது. ஆனால் கமல்ஹாசன் படங்களின் பட்டியலை வெட்டிவிட்டுச் சென்னல்குடியை வைத்திருக்கலாம். அந்த இரண்டு நிமிடத்தில் எனக்கு அது தோன்றவில்லை. தோன்றாதது கவனக்குறைவா, அல்லது உள்ளுக்குள் நான் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டேனா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஐந்து மாதத்துக்கு முன்னர், 2011 செப்டெம்பரில், காந்திமதி இறந்தபோது நான் பெயரைத்தான் தலைப்பில் போட்டேன். "நடிகை காந்திமதி காலமானார்". ஒரு கணமும் யோசிக்கவில்லை. '16 வயதினிலே' குருவம்மாளை எல்லோருக்கும் தெரியும், பெயரும் தெரியும். அப்படியென்றால் ஏற்கெனவே பெயர் உள்ளவர்களுக்கே நான் பெயர் கொடுத்திருக்கிறேன்.

அன்ரி அதற்குப் பிறகு என்னிடம் எழுத்துப் பிழைகளை மட்டும்தான் சொன்னார். முன்பென்றால் ஒரு வசனம் நொண்டுகிறது என்பார், இந்தத் திகதியை ஒருக்கால் பாருங்கோ என்பார். அது நின்றுபோனது. கோபித்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. தேத்தண்ணி நேரத்தில் வழமைபோலக் கதைப்பார், வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கைத் தருவார். நான் கேட்டதைத்தான் செய்தார்.

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒரு கிழமைக்குள் கேட்டிருந்தால் இயல்பாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு அது பெரிய விடயமாகிவிடும் போலிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டேன். மரணச் செய்தி யாருடையதாக இருந்தாலும் தலைப்பில் பெயர், அதற்குக் கீழேதான் படமும் பாத்திரமும். சில வருடம் கழித்து இன்னொரு குணச்சித்திர நடிகை இறந்தபோது அப்படியே செய்தேன். அடுத்த நாள் காலை அம்மா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழும்பினார். அந்த நடிகை அழுதால் சேர்ந்து அழுகிறவர் அம்மா. "அவ செத்திட்டா, பாக்கேல்லையோ?" என்று கேட்டேன். "ஆர்?" என்றார். பத்திரிகையை எடுத்து முகத்தைக் காட்டினேன். "அட, இவவோ! இவவெண்டு ஏன் போடேல்ல?" என்றார்.

அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? அன்ரியின் கேள்வியை அம்மாவிடம் திருப்பிக் கேட்க முடியுமா?

2015 இல் அன்ரி கனடாவுக்கு, மகனிடம் போனார். அலுவலகத்தில் கேக் வெட்டி வழியனுப்பினோம். அன்றுதான் அவர் எழுபதுகளில் வானொலி நாடகங்களில் நடித்தவர் என்று எனக்குத் தெரியவந்தது. பழைய ஆள் ஒருவர் அவரைப் பேசிக்காட்டச் சொன்னார். கொஞ்சம் மறுத்துவிட்டு, கையில் இருந்த கேக் தட்டை மேசையில் வைத்து, கண்ணை மூடி, "மோனே, வந்திட்டியோ" என்றார். அவ்வளவுதான். அறை அமைதியாகிவிட்டது. யாரோ ஒரு தொண்ணூறு வயதுக் கிழவி கதவுக்குப் பின்னால் நிற்பது போலிருந்தது. கண்ணைத் திறந்து, "இருபத்திநாலு வயசில கிழவிக் குரல் குடுக்கத் துவங்கினனான். என்ர குரல் கொஞ்சம் கனம். பிறகு ஒருத்தரும் வேற பாத்திரம் தரேல்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

அதைக் கேட்டதும் சிவராத்திரி நாள் முழுவதும் எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவர் அன்று தன்னைப் பற்றிக் கேட்கவில்லை. செத்துப்போன ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டார், அது பத்திரிகையில் வேலை செய்யும் யாரும் கேட்கவேண்டிய கேள்வி. அவருடைய சொந்தக் கதையை அதற்குக் காரணமாக வைத்தால் கேள்வியை நான் இரண்டாம் தடவையும் ஒதுக்குகிறேன் என்றே படுகிறது. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்ட பிறகு, "எழுத்துப் பிழை இருந்தா மட்டும்" என்று நான் சொன்னது என் காதில் வேறு மாதிரிக் கேட்கிறது. அதையும் மறைக்க முடியாது.

போன மாதம் பழைய படக் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலை என்னிடம் வந்தது. "பாட்டி" என்று பெயரிட்ட கோப்பைத் திறந்தேன். அன்று அவசரத்தில், வெட்டிய படத்தை மூலப் படத்தின் மேலேயே சேமித்திருக்கிறேன். முழுப்படம் இல்லை. கோப்பின் பெயரை எஸ்.என்.லட்சுமி என்று மாற்றினேன். தோளில் இருந்த விரல்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு மோதிரம் தெரிகிறது. எந்தப் படம், யார் பக்கத்தில் நின்றது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.