திரைக்கு முன்னா, பின்னா?

அக்டோபர் 1, 2025, புதன்

ஆயுத பூஜை. ஃப்ளோரில் எல்லா மானிட்டருக்கும் சந்தனம், குங்குமம். என் கீபோர்டில் என்டர் பட்டன் மேல் யாரோ ஒரு பொட்டு வைத்துவிட்டார்கள். துடைக்க மனசு வரவில்லை, மாலைக்குள் விரலெல்லாம் சிவப்பு.

அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளை, அதாவது சார்ட்டுகளை, படித்து நோய்களுக்கு எண் போடுவது என் வேலை. ஐசிடி என்ற அந்த அமெரிக்க எண்களுக்கும் இன்றுதான் வருடப் பிறப்பு. ஒவ்வொரு அக்டோபர் 1-லும் சில எண்கள் புதிதாக வரும், சில செல்லாமல் போகும். அவர்கள் ஒன்பதாம் பதிப்பை விட்டுப் பத்துக்கு வந்ததும் 2015-ல் இதே தேதியில்தான். பூஜையும் புது எண்களும் ஒரே நாளில் வந்தது ராசி என்றார் டீம் லீட். டார்கெட்டைக் குறைத்திருந்தால் நானும் அப்படியே சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 2, வியாழன்

லீவு. சாயங்காலம் விளையாடிவிட்டு வந்த சின்னவனுக்கு இடது கண்ணின் மேல் இமையில் சின்னதாக ஒரு தடிப்பு. "கொசு கடிச்சிருக்கு" என்றாள் மனைவி. "மெட்ராஸ் ஐ, பக்கத்துல படுக்காதீங்க" என்றார் அம்மா. பீளை இல்லை, விழி சிவக்கவில்லை, அப்புறம் என்ன மெட்ராஸ் ஐ என்று நான் கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை. கீழ் வீட்டுச் செடியில் நந்தியாவட்டை பறித்துவந்து கண்மேல் வைத்தார். பையன் பூவோடு தூங்கிவிட்டான்.

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் இமை பன்னீர் திராட்சை மாதிரி இருந்தது. தொட்டால் சுடுகிறது. அம்மா நாமக்கட்டியை உரசக் கிளம்பினார், தடுத்துவிட்டு வேளச்சேரியில் ஒரு கண் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

அவர் செய்ததை ஒன்று விடாமல் எழுதிவைக்கத் தோன்றுகிறது. இரண்டு விரலால் இமையை மெல்லப் பிரித்தார். உள்ளே வெள்ளை விழி வெள்ளையாகவே இருந்தது. சிவப்புப் பேனா மூடி ஒன்றை எடுத்து, தலையை அசைக்காமல் பார் என்று இடது, வலது, மேல், கீழ் நகர்த்தினார். "வலிக்குதாடா?" இல்லை என்றான். ஒரு கண்ணை மூடி, அப்புறம் இன்னொன்றை மூடி, ரெண்டுலயும் சிவப்பு ஒரே சிவப்பா தெரியுதா என்று கேட்டார். டார்ச்சை மாற்றி மாற்றி அடித்தார். கடைசியில் எழுந்து பையனுக்குப் பின்னால் நின்று, அவன் தலையை லேசாகச் சாய்த்து, நெற்றிக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு கண் முன்னால் தள்ளியிருந்தால் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியுமாம்.

சீட்டில் எழுதியது: ப்ரீசெப்டல் செல்லுலைட்டிஸ், இடது. ரூல் அவுட் ஆர்பிட்டல்.

செல்லுலைட்டிஸ் என்றால் கிருமி பரவி வரும் வீக்கம், ரூல் அவுட் என்றால் அது இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ப்ரீசெப்டல், ஆர்பிட்டல் என்ற இந்த இரண்டு வார்த்தைகளையும் ஒன்பது வருடமாக எண்ணாக மாற்றிச் சம்பளம் வாங்குகிறேன். கண்குழியின் எலும்பு விளிம்பிலிருந்து இமைக்குள் ஒரு மெல்லிய திரை இறங்குகிறது, அதற்குப் பெயர் செப்டம். கிருமி திரைக்கு முன்னால் நின்றுவிட்டால் ப்ரீசெப்டல், எல்03.213. இது 2016 அக்டோபரில் வந்தது, அதற்கு முன் தனி எண்ணே கிடையாது. திரையைத் தாண்டிக் குழிக்குள் போய்விட்டால் ஆர்பிட்டல், எச்05.01. அதற்குப் பின் சேரும் கடைசி இலக்கம் வலதுக்கு 1, இடதுக்கு 2, இரண்டுக்கும் 3. வேடிக்கை என்னவென்றால் எல்03.213-ல் எந்தக் கண் என்று சொல்ல இடமே இல்லை. ஆடிட்டில் புதுப் பிள்ளைகள் இதில்தான் விழுவார்கள்: சார்ட்டில் ப்ரீசெப்டலின் இன்னொரு பெயரான "பெரிஆர்பிட்டல்" என்று இருக்கும், கண் "ஆர்பிட்டல்" மட்டும் படித்துவிட்டு எச்சுக்கு ஓடும்.

இன்னொரு விதி. புறநோயாளி சார்ட்டில் "சந்தேகம்", "இருக்கலாம்", "ரூல் அவுட்" என்று இருந்தால் அந்த நோய்க்கு எண் போடக் கூடாது, உறுதியானதற்கு மட்டும்தான். ஆகவே ரூல் அவுட் ஆர்பிட்டலை நான் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போயிருப்பேன். இன்று வீடு வரும்வரை ஆட்டோவில் அந்த மூன்று வார்த்தை மட்டும்தான் கூட வந்தது.

மருந்து அமாக்ஸிசிலின் கிளாவுலனேட் சிரப். காய்ச்சி ஆறிய நீரைப் பாட்டிலில் கோடு வரை விட்டுக் குலுக்கி, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். சிவப்பு முடியும் இடத்தைச் சுற்றி டாக்டர் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு அனுப்பினார். கோட்டைத் தாண்டினாலோ, பார்வை மங்கினாலோ, கண்ணை அசைக்க வலித்தாலோ ராத்திரியானாலும் வந்துவிட வேண்டும்.

அக்டோபர் 4, சனி

தாண்டிவிட்டது. ராத்திரி 102 டிகிரி. இமையைப் பிரிக்கவே முடியவில்லை.

"எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றார் அம்மா. தாத்தாவுக்குப் புரை எடுத்தது அங்கேதான். 1819-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி, அதன் மேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கை வேறு எதன் மேலும் கிடையாது. டாக்டர் போனில் பக்கத்திலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியைச் சொன்னார், குழந்தை டாக்டரும் காது மூக்கு தொண்டை டாக்டரும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்று. ராத்திரி பத்து மணிக்கு அட்மிஷன். ஊசி குத்த மூன்று தடவை ஆனது. நான்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் சிடி ஸ்கேன், கான்ட்ராஸ்ட் மருந்தோடு. ஸ்டாச்சு விளையாட்டு என்று சொல்லிப் படுக்க வைத்தோம். மூக்குத் துவாரம்கூட அசையாமல் கிடந்தான்.

காது மூக்கு தொண்டை டாக்டர் வெள்ளைத் தாளில் படம் போட்டுக் காட்டினார். கண்ணுக்கும் மூக்குப் பக்கத்து எத்மாய்டு சைனசுக்கும் நடுவில் இருக்கும் எலும்புக்கு லேமினா பாப்பிரேசியா என்று பெயர், காகிதத் தகடு என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு ஆர்பிட்டல் வருவது பெரும்பாலும் கொசுக்கடியால் இல்லை, சைனசில் இருக்கும் சளி அந்தக் காகிதத்தைத் தாண்டுவதால்தான். அதனால்தான் மூக்கடைப்பு இருந்ததா என்று எல்லோரும் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். 1970-ல் சாண்ட்லர் என்பவர் இதை ஐந்து படியாகப் பிரித்தார்: திரைக்கு முன், குழிக்குள், எலும்புறைக்கு அடியில் சீழ், குழிக்குள் சீழ், ஐந்தாவதாக மூளைக்கு அடியில் இருக்கும் கேவர்னஸ் சைனஸ் என்ற ரத்த நாளத்தில் ரத்தம் உறைவது. ஐந்தாவதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார், மனைவி ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள்.

மதியம் ரிப்போர்ட். முதல் படி. சைனஸ் சுத்தம். திரை பிடித்து நிறுத்தியிருக்கிறது. செஃப்ட்ரையாக்சோன் நரம்பு வழியாகத் தொடரும்.

அக்டோபர் 6, திங்கள்

லீவு மிச்சமில்லை, பாதி ஷிப்ட் போனேன். ஃப்ளோருக்குள் போன் கூடாது, லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். நோயாளி விவரம் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக. நியாயம்தான். நாலு மணி நேரம் பையன் எப்படி இருக்கிறான் என்று தெரியாமல் ஊர் பேர் தெரியாத பிள்ளைகளின் காய்ச்சலை எண்ணாக்கிக்கொண்டிருந்தேன். கண் பரிசோதனை வரியில் "ஈஓஎம் இன்டாக்ட்" என்று வரும், கண்தசைகள் எல்லாப் பக்கமும் சரியாக அசைகின்றன என்று. அதற்கு எண் கிடையாது, எப்போதும் தாண்டிப் போவேன். இன்று ஒரு சார்ட்டில் அந்த வரி வந்ததும் நின்று படித்தேன்.

வெளியே வந்து போனைத் திறந்தால் மனைவி அனுப்பிய போட்டோ. இமை கீற்றாகத் திறந்திருக்கிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

டிஸ்சார்ஜ். காலை பத்துக்குச் சொன்னார்கள், வெளியே வரும்போது மூன்றரை. சம்மரியை வாங்கியதும் பழக்க தோஷத்தில் படித்தேன். டயக்னோசிஸ்: ஆர்பிட்டல் செல்லுலைட்டிஸ். இன்சூரன்ஸ் படிவத்தில் எச்05.0. நம் ஊர்ப் படிவங்களில் உலக சுகாதார நிறுவனத்தின் மூலப் பதிப்புதான், அதில் எங்கள் எல்03.213 கிடையாது. சரி, அதற்காக இல்லாத நோயை எழுத முடியுமா?

கவுன்டரில் கேட்டேன். "ரெண்டும் கண் வீக்கம்தான சார்" என்றார் அந்தப் பையன். சிடி ரிப்போர்ட்டைக் காட்டினேன். குரலை இறக்கிக்கொண்டு, "ஆர்பிட்டல்னு இருந்தா அட்மிஷன் எதுக்குன்னு கேள்வி வராது சார். உங்க நல்லதுக்குத்தான்" என்றார்.

ஒரு நிமிஷம் சபலப்பட்டது உண்மை. பில் சின்னது இல்லை. ஆனால் வேறு ஊர் ஆஸ்பத்திரி சார்ட்டில் இதையே பார்த்தால் நான் சிவப்புக் கொடி நட்டிருப்பேன். தவிர, நாளைக்கு எந்த டாக்டர் பார்த்தாலும் இவனுக்குக் கண்குழிக்குள் ஒருமுறை கிருமி போயிருக்கிறது என்றுதான் படிப்பார். திருத்தித் தரச் சொன்னேன். சார்ட்டில் சந்தேகம் கேட்டுக் குவெரி எழுதும்போது டாக்டர் வாயில் பதிலைத் திணிக்கக் கூடாது என்று எங்கள் வேலையில் விதி உண்டு. கவுன்டரில் அந்த விதியைக் காற்றில் பறக்கவிட்டு, என்ன எழுத வேண்டும் என்று நானே சொன்னேன்.

அக்டோபர் 10, வெள்ளி

இன்சூரன்ஸிலிருந்து கேள்வி வந்தது. ப்ரீசெப்டல் என்றால் மாத்திரை, சிரப்பில் பார்த்திருக்கலாமே, அட்மிஷன் எதற்கு? கவுன்டர் பையன் சொன்னது சரிதான்.

குழந்தை டாக்டர் நாலு வரியில் கடிதம் கொடுத்தார். 36 மணி நேரம் சிரப் கொடுத்தும் வீக்கம் பரவியது. காய்ச்சல் 102. இமையைப் பிரிக்க முடியாததால் பார்வையையும் கண் அசைவையும் சோதிக்க வழியில்லை, ஆகவே ஆர்பிட்டல் இல்லை என்று உறுதி செய்யும்வரை உள்ளே வைத்திருந்தோம். எவ்வளவு சுத்தமான டாக்குமென்டேஷன்! எங்கள் டிரெயினிங்கில் வைத்துப் பாடம் நடத்தலாம்.

அக்டோபர் 13, திங்கள்

சிரப் இன்றோடு முடிந்தது. நடுவில் இரண்டு நாள் வயிறு இளகியது, அதற்கு அம்மா கொடுத்த மோர் சாதத்தை யாரும் ஆட்சேபிக்கவில்லை. கன்னத்துப் பேனாக் கோடு இன்னும் மங்கலாகத் தெரிகிறது, தேய்க்க விடமாட்டேன் என்கிறான். ஸ்கூலில் காட்ட வேண்டுமாம்.

கிளெய்ம் பாஸ் ஆகிவிட்டது, கையுறை, பஞ்சு வகையறாவைக் கழித்துக்கொண்டு. திருத்திய சம்மரியும் வந்தது. ப்ரீசெப்டல் செல்லுலைட்டிஸ், வலது கண்.

மறுபடி போன் போட்டிருக்கிறேன்.