கீச்சானும் அண்ணாச்சியின் சாரமும்

"அண்ணாச்சி, அந்தச் சாரத்தைக் கொஞ்சம் அவுத்துருங்க!"

நேற்று முன்தினம் காலை ஆறே முக்காலுக்கு எங்கள் மொட்டை மாடியிலிருந்து எதிர்வீட்டு மாடிக்கு நான் போட்ட சத்தம் இது. சாரம் என்றால் எங்கள் பக்கம் லுங்கி. சொன்னது கொடியில் காய்ந்த சாரத்தை. காற்றில் பறந்துவிடாமல் மதினி அதைக் கம்பியோடு சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தார், அதனால்தான் 'அவுத்துருங்க'. ஆனால் அண்ணாச்சி இடுப்பிலும் ஒன்று இருந்தது. தெருவில் ஸ்கூல் வேனுக்கு நின்ற பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள், சைக்கிளில் போன ஒருவர் என எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். என் கையில் வேறு முழங்கை நீளத்துக்கு லென்ஸ். அது நேராக அண்ணாச்சியைக் குறி வைத்து நின்றது.

அண்ணாச்சி இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். அவர் ஓடியதில் ஆண்டெனா கம்பியில் இருந்த கீச்சானும் 'கர்ரக் கர்ரக்' என்று திட்டிக்கொண்டே பறந்துவிட்டது.

எல்லாம் அதனால் வந்த வினை. பழுப்புக் கீச்சான் முப்பது கிராம் சொச்சம் இருக்கும். கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, நாடகத்துத் திருடன் வேஷம். மங்கோலியா, சைபீரியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் தொடங்குமுன் கிளம்பி, செப்டம்பர் வாக்கில் நம் பக்கம் வந்து சேரும். வந்ததும் முதல் வேலையாக ஒரு இடத்தை வளைத்துப் போட்டு, 'இது என் எல்லை' என்று நாளெல்லாம் கத்தும். வருஷா வருஷம் அதே இடத்துக்குத் திரும்புகிற பழக்கமும் அதற்கு உண்டு. கேபிள் வந்த பிறகும் அண்ணாச்சி கழற்றாத ஆண்டெனாதான் நம் ஆளுக்குச் சிம்மாசனம். அதே பறவைதான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, காலில் வளையம் போட்டிருந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். ஆனாலும் மூன்று வருஷமாக அதே கம்பி, அதே நுனி, அதே திமிர்.

நீங்கள் கேட்கலாம், கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போக வேண்டியதுதானே என்று. போகாமலா? ஜனவரியில் இவரை, அதாவது என் வீட்டுக்காரரை, அதிகாலையில் எழுப்பிக் கூட்டிப் போனேன். வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிற பறவை, 7,000 மீட்டருக்கு மேலே பறந்ததும் பதிவாகியிருக்கிறது. அவ்வளவு தூரம் வந்தது இன்னும் ஒரு அரைக் கிலோமீட்டர் கிட்டே வந்தால் என்ன? என் படத்தில் அவை தண்ணீரில் கொட்டிய மிளகு மாதிரி இருந்தன. போதாததற்குப் பக்கத்தில் நின்றவர் மரத்துக் கூட்டில் இருந்த கூழைக்கடாவைக் காட்டி, "எல்லாம் ஆஸ்திரேலியாலருந்து முட்டை போட வருது" என்று தன் மகனுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். கூழைக்கடா இங்கத்திய பறவை ஐயா. குளிருக்கு வருகிற வெளியூர்ப் பறவை இங்கே முட்டை போடாது, சொந்த ஊரில் பிரசவத்தை முடித்துவிட்டுத்தான் இங்கே வரும். சொல்ல வாயெடுத்தேன், இவர் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

ஆகவே மொட்டை மாடியே கதி. கோடையில் ஓணான்: ஆண் கழுத்துச் சிவந்து தண்டால் எடுக்கும், நான் வெயிலில் அதைவிடச் சிவந்து படம் எடுப்பேன். ஆடியில் அடிக்கிற காற்றில் முக்காலி நின்றாலும் மரம் நிற்காது. ஐப்பசி மழையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்று அதை டப்பாவில் மூடி, சிலிக்கா பொட்டலத்தோடு பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வேன். ஆக, உருப்படியாக மாட்டுவது கீச்சான் ஒன்றுதான். அதற்குப் பின்னால் அண்ணாச்சியின் சாரம்.

2022இல் நீலக் கட்டம். 2023இல் பச்சைக் கட்டம். 2024இல் அரக்குக் கட்டம். நல்ல படம் எல்லாவற்றிலும் சாரம் உண்டு. பின்னணி மங்கலாகத் தெரிய வேண்டுமென்றால் அது பறவையைவிட்டுத் தள்ளி இருக்க வேண்டும், கொடியோ ஆண்டெனாவை ஒட்டியே ஓடுகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் எண்ணலாம். எங்கள் பறவைக் குழுவில் ஒருவர், "பறவை நன்று, வாழிடம் கைத்தறியா?" என்று கேட்டார். வருஷத்தை நான் சொல்லாமலே சாரத்தை வைத்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, சாயங்காலம் மன்னிப்புக் கேட்க எதிர்வீட்டுக்குப் போனேன். ஆதாரத்துக்கு டேப்லெட்டில் மூன்று வருஷப் படங்களும்.

"சைபீரியாவா?" என்றார் அண்ணாச்சி. கோபம் பாதி இறங்கிவிட்டது. "அங்கருந்து கெளம்பி, வழியில எவன் வீட்டுலயும் இருக்காம, நேரா நம்ம ஆண்டெனாவுக்கா?"

"ஆமா அண்ணாச்சி."

"மெட்ராஸ்ல இருக்கவனுக்கு வழி தெரிய மாட்டேங்கு" என்றார் மதினி, மகனை நினைத்து.

கீச்சான் தும்பியைக் கவ்வியிருக்கிற படம் வந்தது. என் வாழ்நாள் படம் அது. கண்ணில் ஒளிப்புள்ளி, தும்பியின் இறக்கையில் நரம்பு நரம்பாக. மதினி அதை இரண்டு விரலால் விரித்தார். பறவையை அல்ல, பச்சைச் சாரத்தை. அதில் வட்டமாக, ஓரம் கருகி ஒரு சின்ன ஓட்டை. என் லென்ஸின் கூர்மையை அதுவரை யாரும் அவ்வளவு பாராட்டியதில்லை.

"இது எப்ப எடுத்தது தாயி?"

"2023 நவம்பர், மதினி." தேதி படத்திலேயே இருந்தது. நான் என்ன செய்ய?

"இவுஹ பீடிய விட்டது 2022 பொங்கலுக்கு."

அண்ணாச்சி கீச்சானின் வழித்தடத்தைப் பற்றி மிகுந்த அக்கறையோடு என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். மதினி 2024க்குத் தள்ளி, அரக்குச் சாரத்தையும் விரித்துப் பார்த்தார். அதில் இரண்டு. கிளம்பும்போது வாசல்வரை வந்து, "நீ தெனமும் எடு தாயி, கொடி அப்படியே கெடக்கட்டும்" என்றார்.

நேற்றுக் காலை கொடி காலி. பின்னணியில் சுத்தமான நீல வானம், மூன்று வருஷமாக நான் ஏங்கிய வானம். கீச்சான் வந்து நுனியில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் முகத்தைக் காட்டியது. நாற்பது படம் எடுத்தேன். எல்லாம் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கிறது. குழுவில் போட்டால் ஒருவர், "இது எந்த ஊர்?" என்று கேட்கிறார்.

இறங்கும்போதுதான் எங்கள் கொடியைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், எதிர்வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், இவருடைய பனியன்களுக்கு நடுவே மூன்று சாரம். இவருக்கும் அண்ணாச்சிக்கும் இடையில் எப்போது ஒப்பந்தம் ஆனதோ தெரியவில்லை. கீச்சான் ஏப்ரலில்தான் கிளம்பும், அதுவரை இப்படித்தான் போலிருக்கிறது.

கடைசிச் சாரத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு ஓட்டை. கேமரா கழுத்தில்தான் தொங்கியது. படம் எடுக்கவில்லை. ஓட்டை உள்ளே போகிற மாதிரி சாரத்தை மடித்துப் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.