மேசைக்கு அடியில் மைக்கேலாஞ்சலோ

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஓவிய வரலாறு சொல்லித்தர ஆரம்பித்தேன். முதல் நாள் நான் செய்த தப்பு, படங்களைக் காட்டி வருடம் சொன்னது. டேப்லெட்டில் நான்காவது ஓவியம் வருவதற்குள் சின்னவன் சோபாவுக்குப் பின்னால் போய்விட்டான். அவனுக்கு ஐந்து வயது, அக்காவுக்கு எட்டு. சரி, இனி கைவேலை முதலில், கதை அப்புறம்.

முதல் வாரம், குகை ஓவியம். பழுப்புத் தாளை நன்றாகக் கசக்கிப் பிரித்துச் சுவரில் ஒட்டினேன். விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச் மட்டும். தாளில் கையை வைத்துச் சுற்றிலும் செங்காவி வண்ணத்தைத் தெளித்தால், கையை எடுத்ததும் வெறும் கை வடிவம் மிஞ்சும். ஸ்ட்ராவால் ஊதச் சொன்னது என் முட்டாள்தனம், சின்னவன் உறிஞ்சிவிட்டான். நல்லவேளை, நச்சில்லாத வண்ணம். அப்புறம் பழைய டூத்பிரஷ்தான் கைகொடுத்தது. தோய்த்து, கட்டைவிரலால் முள்ளைத் தேய்த்தால் பொடிப்பொடியாகச் சிதறும்.

காய்ந்த பிறகு எண்ணினால், ஏழு கைகளில் ஆறு இடது கை! நான் சொல்லவே இல்லை. வலது கையில் பிரஷ் இருக்கிறது, வேறு எந்தக் கையை வைப்பார்கள்? அப்போதுதான் அர்ஜென்டினாவில் உள்ள 'கைகளின் குகை' படத்தைத் திறந்தேன். 9000 ஆண்டுகளுக்கும் மேல் பழைய கைகள் அங்கே உண்டு. அவற்றிலும் பெரும்பாலானவை இடது. வண்ணம் ஊதும் குழலை வலது கையில் பிடித்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் ஊகம். பெரியவள் திரைமேல் தன் கையை வைத்து அளந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டாம் வாரம், தேவாலயக் கூரையில் ஓவியம் வரைந்த இத்தாலியக் கலைஞர் மைக்கேலாஞ்சலோ. மேசையின் அடிப்பக்கத்தில் தாளை ஒட்டி, பிள்ளைகளை மல்லாக்கப் படுக்கவைத்து வரையச் சொல்வது எல்லோரும் செய்வதுதான். நானும் செய்தேன், ஜாலியாக இருந்தது. ஆனால் அவர் படுத்து வரையவில்லை. 1508 முதல் 1512 வரை, சாரத்தில் நின்று, கழுத்தைப் பின்னால் சாய்த்துத்தான் வாடிகனின் சிஸ்டைன் தேவாலயக் கூரையை வரைந்தார். தூரிகையிலிருந்து முகத்தில் சொட்டுவதைப் பற்றிப் புலம்பி ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். அதனால் மறுநாள் திரும்பவும் மேசைக்கு அடியில், இந்த முறை நிமிர்ந்து உட்கார்ந்து. பெரியவளுக்குத் தலை இடித்தது. சின்னவன் மூக்கில் நீலம் சொட்டியது. "அவர் நாலு வருஷமா இப்படியா இருந்தார்?" என்றான், கழுத்தைத் தேய்த்துக்கொண்டே.

மூன்றாம் வாரம், புள்ளி புள்ளியாக வைத்தே ஓவியம் வரைந்த பிரெஞ்சு ஓவியர் சூரா. காது குடையும் பட்ஸால் புள்ளி வைத்தோம். பத்து நிமிடத்தில் இருவரும் கைவிட்டார்கள். அவர் இரண்டு மீட்டர் உயர ஓவியத்தை 1884இல் தொடங்கி 1886இல் முடித்தார் என்றதும் "பாவம்" என்றாள் பெரியவள்.

அடுத்து பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் தாள் வெட்டு ஓவியங்கள். உதவியாளர்கள் தாள்களுக்கு வண்ணம் பூசித் தருவார்கள், அவர் கத்தரியால் வெட்டுவார். எங்கள் வீட்டில் உதவியாளர் யாரென்று சொல்லவேண்டியதில்லை. பன்னிரண்டு தாள்கள் பூசியாயிற்று, கொடியில் காய்கின்றன.